பொய்க்கருவி சொன்ன உண்மை

கி.பி. 47ஆம் ஆண்டளவில், பேரரசர் கிளாடியஸின் காலத்தில், ரோமாபுரி மருத்துவர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் ஒரு மருந்துக் குறிப்பு நூலை எழுதினார். தீராத தலைவலிக்கு அதில் அவர் சொல்லும் வைத்தியம் விசித்திரமானது. உயிருள்ள கறுப்பு மின்திருக்கை மீனை வலிக்கும் இடத்தில் வைக்க வேண்டும். வலி நின்று அந்த இடம் மரத்துப்போகும்வரை எடுக்கக் கூடாது. மரத்ததும் உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உணர்ச்சியே போய்விடும். ஒரு மீனில் காரியம் ஆகாமல் போகலாம் என்பதால் இரண்டு மூன்று மீன்களைத் தயாராக வைத்துக்கொள்ளவும் சொல்கிறார். ஒற்றைத் தலைவலிக்கு (மைக்ரேன்) இன்று நெற்றியில் ஒட்டும் மின்கருவியைப் பற்றியும், பின்மண்டையில் பிடிக்கும் காந்தக் கருவியைப் பற்றியும் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மீனிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மீன், லெய்டன் ஜாடி, மின்கலம், காந்தச் சுருள் என்று ஒரு வம்சாவளி போடப்படுகிறது. அறுவையும் மாத்திரையும் இல்லாமல் மூளையைத் தூண்டும் வைத்தியத்துக்கு இரண்டாயிரம் ஆண்டு அனுபவம் துணை நிற்கிறது என்பது அதன் உட்பொருள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டாயிரம் ஆண்டுகளில் யார் எதைப் பார்த்தார்கள், எதை வைத்து நம்பினார்கள் என்று வரிசையாகப் படித்து வந்தால் வேறொரு வரலாறு தென்படும். மின்சாரம் இல்லாத போலிக் கருவி ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட மருத்துவர்கள் பழகிய பிறகே இது வைத்தியம் என்ற பெயருக்குத் தகுதி பெற்றது. ஆகவே மீனின் வரலாற்றைவிடப் போலியின் வரலாறுதான் நோயாளிக்குப் பயன்படும்.

மீனுக்குச் சாட்சி சொன்னவர்கள் சாமானியர்கள் அல்லர். ஸ்க்ரிபோனியஸுக்குச் சற்றுப் பின்னால் டயஸ்கோரிடிஸ் அதையே நாட்பட்ட தலைவலிக்குப் பரிந்துரைத்தார். இரண்டாம் நூற்றாண்டில் காலன் ஒரு படி மேலே போய்ச் சோதித்துப் பார்த்தார்: செத்த மீனை வைத்தபோது பலன் இல்லை, உயிருள்ள மீனை வைத்தபோது பலன் கண்டது என்று எழுதினார். அந்தக் காலத்துக்கு இது நல்ல சோதனைதான். ஆனால் தன் தலைமேல் இருப்பது துள்ளுகிற மீனா, செத்த மீனா என்பது நோயாளிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அதைவிடப் பெரிய சிக்கல் நோயின் இயல்பிலேயே இருக்கிறது. ஒற்றைத் தலைவலி தானாக வந்து தானாகப் போகும். மருந்தே கொடுக்காவிட்டாலும் ஒரு தாக்குதல் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். நோயாளி வைத்தியரிடம் ஓடுவது வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தான். இந்த இடத்தில் ஸ்க்ரிபோனியஸின் இரண்டு மூன்று மீன்களை மறுபடி பார்க்க வேண்டும். முதல் மீன் பலிக்காவிட்டால் இரண்டாவது, அதுவும் பலிக்காவிட்டால் மூன்றாவது. வலி தணிகிற வேளையில் எந்த மீன் தலைமேல் இருக்கிறதோ அதற்குப் பெயர் போய்ச் சேரும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேண்டியதில்லை. பல நூற்றாண்டு நீடித்த பழக்கமே சான்று என்று சொல்வதும் எடுபடாது. அதே காலன் ஓயாமல் பரிந்துரைத்த இரத்தம் வடித்தல், மீனைவிடப் பரவலாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை நீடித்தது. அதற்காக இன்று யாரும் தலைவலிக்கு இரத்தக்குழாயைக் கீறிக்கொள்வதில்லை.

மீனிடம் இருப்பது மின்சாரம் என்பது பதினெட்டாம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. 1745–46இல் லெய்டன் ஜாடி வந்ததும் மின்னதிர்ச்சி சேமித்து வைக்கக்கூடிய பொருளாயிற்று. 1772இல் ஜான் வால்ஷ் பிரான்சின் லா ரொஷெல் கடற்கரையில் மின்திருக்கைகளை ஆராய்ந்து, அவற்றின் அதிர்ச்சியும் ஜாடியின் அதிர்ச்சியும் ஒன்றே என்று காட்டினார். அதற்குள் வைத்தியம் முந்திக்கொண்டுவிட்டது. மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி 1760இலேயே மின்சாரத்தின் மருத்துவப் பயனைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அது தீர்க்கும் நோய்களின் பட்டியலில் தலைவலிக்கும் இடம் இருந்தது. இந்த உற்சாகத்துக்கு நடுவே நிதானமாகப் பேசியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். பென்சில்வேனியாவில் பக்கவாதக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஆறு கேலன் கொள்ளும் இரண்டு பெரிய ஜாடிகளில் மின்சாரத்தை ஏற்றி, செயலிழந்த கைகால்களுக்கு நாளுக்கு மூன்று முறை அதிர்ச்சி கொடுத்தார். முதல் நாட்களில் முன்னேற்றம் தெரிந்தது. ஐந்தாம் நாளுக்கு மேல் எதுவும் கூடவில்லை. நோயாளிகள் மனம் சோர்ந்து வீடு திரும்பினார்கள். 1757இல் இதைக் கடிதமாக எழுதியபோது, நிலையான பலன் ஒன்றையும் தான் காணவில்லை என்று ஒப்புக்கொண்டதோடு, இடையில் தெரிந்த சிறு முன்னேற்றத்துக்குக் காரணம் மின்சாரம்தானா என்றும் கேட்டார். தினமும் பயணம் செய்து வந்து போனதால் கிடைத்த உடற்பயிற்சியா, குணமாகிவிடுவோம் என்ற நம்பிக்கை தந்த தெம்பா? மின் வைத்தியத்தின் வரலாற்றில் உருப்படியாகக் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான் என்பேன். ஆனால் விடை காணும் வழி அப்போது அவரிடம் இல்லை.

வழி சிறிது சிறிதாகக் கிடைத்தது. 1784இல் மெஸ்மர் என்ற மருத்துவர் நோய் தீர்ப்பதாகச் சொன்ன ‘விலங்குக் காந்தம்’ உண்மையா என்று விசாரிக்கப் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழுவில் பிராங்க்ளினும் வேதியியலாளர் லவாய்சியேயும் இருந்தார்கள். பாரிசுக்கு அருகே பிராங்க்ளின் குடியிருந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்குக் காந்தம் ஏற்றப்பட்டது. சிறுவன் ஒருவன் கண்ணைக் கட்டி ஒவ்வொரு மரமாக அழைத்துச் செல்லப்பட்டான். நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். காந்தம் ஏற்றிய மரமோ வேறு. அடுத்த படியை எடுத்துவைத்தவர் இங்கிலாந்தின் பாத் நகர மருத்துவர் ஜான் ஹேகார்த். அமெரிக்காவின் கனெக்டிகட்டைச் சேர்ந்த எலிஷா பெர்க்கின்ஸ் 1796இல் காப்புரிமை பெற்ற இரண்டு சிறு உலோகக் கோல்கள் அப்போது லண்டனில் ஐந்து கினி விலைக்கு விற்றுக்கொண்டிருந்தன. அவற்றால் உடம்பை வருடினால் தலைவலியும் மூட்டுவலியும் உடம்பிலிருந்து இழுத்தெடுக்கப்படும் என்பது விளம்பரம். கால்வானியின் தவளைக்கால் சோதனைகள் பேச்சாக இருந்த காலம் என்பதால் உலோகத்துக்கும் நரம்புக்கும் இடையே ஏதோ மின்தொடர்பு என்று மக்கள் நம்பினார்கள். ஹேகார்த் மரத்தில் அதே வடிவக் கோல்களைச் செய்து, உலோகம்போலத் தோன்றும்படி வண்ணம் பூசினார். 1799 ஜனவரி 7ஆம் தேதி நாட்பட்ட மூட்டுவலிக்காரர்கள் ஐந்து பேரை அவற்றால் வருடியபோது நால்வர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். மறுநாள் நிஜ உலோகக் கோல்களால் வருடினார்கள். பலன் ஏறத்தாழ அதேதான். இதை 1800இல் சிறு நூலாக வெளியிட்ட ஹேகார்த், நோயாளிகளை ஏமாளிகள் என்று சொல்லவில்லை. மனக்கற்பனை நோயை உண்டாக்கவும் வல்லது, தீர்க்கவும் வல்லது, ஆகவே எந்தக் கருவியின் பெருமையிலிருந்தும் அந்தப் பங்கைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்பதே அவர் வாதம். பெர்க்கின்ஸின் கோல்களை இன்று அருங்காட்சியகத்தில் வைத்துச் சிரிக்கிறோம். மருத்துவ வரலாற்றில் பாதுகாக்கத் தக்கவை ஹேகார்த்தின் மரக்கோல்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தப் பாடத்தை மறந்தது. 1800இல் வோல்ட்டாவின் மின்கலமும் 1831இல் பாரடேயின் மின்தூண்டலும் வந்தபின், மருத்துவர் மேசையில் மின்பெட்டி வைப்பது கௌரவமாயிற்று. 1860இல் பெர்லின் உடலியலாளர் எமில் டு போய்ஸ்-ரேமண்ட் தன் ஒற்றைத் தலைவலியையே கவனித்து எழுதினார்: வலிக்கும்போது நெற்றிப்பொட்டில் ஓடும் தமனி கயிறுபோல இறுகி, முகம் வெளுத்தது. பரிவு நரம்பின் இழுப்பே காரணம் என்று அவர் முடிவுகட்டினார். அதன்பின் கழுத்தில் மின்முனை வைத்து அந்த நரம்பைத் தணிப்பது மைக்ரேன் வைத்தியங்களில் ஒன்றாயிற்று. 1892இல் பாரிசின் சால்பெத்ரியே மருத்துவமனையில் ஜில் த லா தூரெத் மைக்ரேனுக்கு அதிரும் தலைக்கவசம் பொருத்திப் பார்த்தார். கடைகளில் மின்சங்கிலிகளும் மின்கச்சைகளும் விற்றன; ஃப்ளோபேர் தன் நாவலில் தற்பெருமை பிடித்த மருந்துக் கடைக்காரருக்கு அப்படியொரு சங்கிலியை மாட்டிவிட்டுக் கேலி செய்தார். ஜெர்மன் நரம்பியலாளர் மோபியஸ், மின் வைத்தியத்தின் பலனில் பெரும்பங்கு வெறும் கருத்தேற்றம் என்று வாதிட்டபோது துறையே கொதித்தது. அவருக்கு எதிராக அடுக்கப்பட்டவை குணமானவர்களின் கதைகள். போலிப் பெட்டியோடு ஒப்பிட்ட கணக்கு அங்கே இல்லை. ஒற்றைத் தலைவலியால் தாமும் அவதிப்பட்ட ஃபிராய்டு, எர்பின் மின் வைத்தியப் பாடநூலை நம்பித் தொழில் தொடங்கி, பின்னர் அது கனவுக்குப் பலன் சொல்லும் மலிவுப் புத்தகத்துக்குச் சமம் என்று ஒதுக்கியதை 1925இல் பதிவு செய்தார். மின்பெட்டிகள் பரணுக்குப் போயின. ஒரு நூற்றாண்டு உழைப்பு ஒரு பதிலும் தராமல் முடிந்ததற்கு மின்சாரம் காரணமல்ல. ஒப்பிட ஆள் இல்லாததே காரணம்.

இன்றைய கருவிகள் அந்தப் பரணிலிருந்து இறங்கி வந்தவை என்று சொல்வதும் சரியாகாது. அவற்றின் கருத்து வேறு தடத்தில் வளர்ந்தது. ஒற்றைத் தலைவலிக்காரர்களில் சிலருக்கு வலிக்கு முன்பு கண்ணில் கோட்டைச் சுவர்போல வளைந்து வளைந்து மின்னும் கோடு தோன்றி, இருபது முப்பது நிமிடத்தில் விரிந்து மறையும். 1870இல் ஹ்யூபர்ட் ஏரி தனக்குத் தோன்றியதைத் துல்லியமாக வரைந்து வெளியிட்டார். 1941இல் உளவியலாளர் கார்ல் லாஷ்லி தன் பார்வையில் அந்தக் கோடு நகர்ந்த வேகத்தைக் குறித்துக்கொண்டே வந்து, பார்வைப் புறணியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வீதம் ஊர்கிறது என்று கணக்கிட்டார். மூன்றே ஆண்டுகளில், ஹார்வர்டில் முயலின் மூளையை ஆராய்ந்துகொண்டிருந்த பிரேசில்காரர் அரிஸ்டிடிஸ் லியாவோ, மூளைப் புறணியில் மின்னசைவு அடங்கிப்போகும் ஓர் அலை ஏறத்தாழ அதே வேகத்தில் பரவுவதைக் கண்டார். இன்னொரு புறம், 1896இல் தார்சோன்வால் மாறுமின் ஓடும் பெரிய சுருளுக்குள் தலையை வைத்தால் கண்ணில் ஒளி மினுங்குவதை அறிவித்தார். 1985இல் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழு, மண்டையோட்டைத் தொடாமல் காந்தத் துடிப்பால் மூளைப் புறணியைத் தூண்டிக் கைத்தசையை அசைத்துக் காட்டியது. ஊர்ந்து பரவும் அலை ஒன்று உண்டு, புறணியை வெளியிலிருந்தே எட்டும் துடிப்பும் உண்டு. அப்படியானால் அலை கிளம்பும்போதே துடிப்பைக் கொடுத்துத் தடுக்கலாமே என்பது இயல்பாக எழும் கேள்வி. இந்தக் கேள்விக்கும் மீனுக்கும் உறவில்லை.

கேள்வி நியாயமானது என்பதற்காக விடை ஆம் என்றாகிவிடாது. இங்கேதான் மரக்கோல் திரும்ப வந்தது. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முன்னறிகுறியுடன் கூடிய மைக்ரேன் உள்ள 201 பேருக்கு ஒரே தோற்றமுள்ள கருவிகள் தரப்பட்டன. பாதி நிஜம், பாதி போலி. கோடு மின்னத் தொடங்கியதும் கருவியைப் பின்மண்டையில் அழுத்தி இரண்டு துடிப்புகள் விட வேண்டும். கருவியைப் பயன்படுத்திய 164 பேரில், இரண்டு மணி நேரத்தில் வலியில்லாமல் இருந்தவர்கள் நிஜக் கருவியில் 39 விழுக்காடு, போலியில் 22 விழுக்காடு. 2013இல் பெல்ஜியத்தில் 67 பேரிடம் நெற்றி நரம்பைத் தூண்டும் பட்டையைத் தினம் 20 நிமிடமாக மூன்று மாதம் சோதித்தார்கள். வலி நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள் நிஜத்தில் 38.1 விழுக்காடு, போலியில் 12.1 விழுக்காடு. இந்த அடிப்படையில் முதல் காந்தக் கருவிக்கு 2013 டிசம்பரிலும் நெற்றிப் பட்டைக்கு 2014 மார்ச்சிலும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. எண்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். முதல் ஆய்வில் வெறும் பெட்டியே ஐந்தில் ஒருவருக்கு மேல் வலியை நிறுத்தியது, அல்லது நின்ற வலிக்குப் பெயர் வாங்கிக்கொண்டது. அதைக் கழித்த மீதம் 17 விழுக்காடு. மின்சாரத்துக்கு உரியது அந்த மீதம்தான். சிறியதுதான், ஆனால் ஸ்க்ரிபோனியஸிலிருந்து எர்ப் வரை யாராலும் காட்ட முடியாத எண் அது.

நாட்பட்ட ஒற்றைத் தலைவலியில் அந்த மீதமும் தடுமாறுகிறது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது மைக்ரேன் இயல்புடன், மூன்று மாதத்துக்கு மேலாக இருந்தால் அதை நாட்பட்டது என்கிறார்கள். மேலே சொன்ன இரண்டு ஆய்வுகளும் விட்டுவிட்டு வரும் வகையைப் பற்றியவை. லக்னோவில் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவக் கழகத்தில், அடிக்கடி தாக்குதல் வரும் 100 பேருக்கு மூளையின் இடப்பக்க முன்பகுதியில் தொடர் காந்தத் துடிப்பு கொடுத்து 2013இல் வெளியிட்ட ஆய்வு ஊக்கமான பலனைச் சொன்னது: தாக்குதல்கள் பாதிக்கு மேல் குறைந்தவர்கள் நிஜத்தில் 78.7, போலியில் 33.3 விழுக்காடு. ஆனால் மறு ஆண்டு பிரேசிலிலிருந்து வந்த ஆய்வில், நாட்பட்ட மைக்ரேன் உள்ள 18 பேரிடம், நெற்றிப்புறப் புறணியின் வேறோர் இடத்தில் தொடர்துடிப்பு கொடுத்தபோது, போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்குத்தான் வலி நாட்கள் அதிகம் குறைந்தன. ஆட்கள் குறைவு, இடமும் வேறு; ஆகவே இந்தச் சிறு ஆய்வு பெரிய ஆய்வைப் பொய்யாக்காது. ஆனால் போலிப் பிரிவு இல்லாமல் அதே ஆய்வு நடந்திருந்தால், துடிப்பு பெற்றவர்களில் தேறியவர்கள் துடிப்பால் தேறியவர்களாகவே எண்ணப்பட்டிருப்பார்கள்.

போலியோடு ஒப்பிட்டே ஆக வேண்டும் என்பதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. இரண்டிலும் பொருள் இருக்கிறது. முதலாவது, மின்கருவிக்கு நல்ல போலி செய்யவே முடியாது என்பது. மாத்திரைக்கு மாவு மாத்திரை போதும். நெற்றியில் சுரீரென்று குத்தும் மின்சாரத்துக்கு என்ன செய்வது? பெல்ஜிய ஆய்வில் நிஜக் கருவி 16 மில்லியாம்பியரும் போலி 1 மில்லியாம்பியரும் கொடுத்தன. எது தன் கையில் என்று சிலராவது ஊகித்திருப்பார்கள். எதிர்த் திசையிலும் தவறலாம்: கழுத்து வழியாக வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவி 2019இல் தடுப்பு ஆய்வொன்றில் இலக்கை எட்டாதபோது, போலியே அந்த நரம்பை ஓரளவு தூண்டிவிட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். மேலும் மைக்ரேனில் போலியின் பலமே சடங்கின் அளவைப் பொறுத்துக் கூடுகிறது. 2013இல் வந்த தொகுப்பாய்வில் போலி மாத்திரைக்கு 22, போலி அக்குபங்சருக்கு 38, போலி அறுவைக்கு 58 விழுக்காட்டினர் பலன் கண்டிருந்தார்கள். ஆக, போலி துல்லியமான தராசு அல்ல என்ற மறுப்பு உண்மை. ஆனால் அதிலிருந்து தராசே வேண்டாம் என்ற முடிவு வராது. செத்த மீன், கண்கட்டு, வண்ணம் பூசிய மரம், 1 மில்லியாம்பியர் என்று அந்தத் தராசு படிப்படியாகச் செப்பமாகி வந்ததே இந்த வரலாறு. இன்னும் நல்ல போலி தேவை என்பதே மறுப்பிலிருந்து கிடைக்கும் பாடம்.

இரண்டாவது மறுப்பு நோயாளியின் தரப்பிலிருந்து வருகிறது. வலி போனால் சரி, மின்சாரத்தால் போனதா நம்பிக்கையால் போனதா என்று எனக்கென்ன கவலை? இதை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. நாட்பட்ட தலைவலிக்காரர்களில் பலர் வலிநிவாரண மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கி, அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும் நிலைக்குப் போகிறார்கள். டிரிப்டான் வகை மாத்திரையை மாதம் 10 நாளோ அதற்கு மேலோ போட்டாலே அந்த ஆபத்து உண்டு. அவர்களுக்கு மருந்தில்லாத வழி உண்மையான தேவை. நெற்றியில் சற்று எரிச்சல், தூக்கக் கலக்கம் தவிரப் பெரிய தொல்லை தராத கருவி அவர்களுக்கு வரம்தான். ஆனால் கருவி இலவசமல்ல. நெற்றிப் பட்டையை வாடகைக்கு எடுத்துப் பார்த்த 2,313 பேரிடம் எடுத்த கணக்கில் 53.4 விழுக்காட்டினர் திருப்தி என்றார்கள். மற்றவர்களுக்குத் திருப்தி இல்லை. ஒற்றைத் தலைவலிக்குக் கையில் மாட்டும் கருவியொன்றை 2023இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இந்தியாவிலும் கொண்டுவந்துவிட்டது. காப்பீடு கைகொடுக்காத இடத்தில் செலவு வீட்டுப் பணத்திலிருந்தே போகும். நம்பிக்கை மட்டுமே வேலை செய்கிறது என்றால், அதை இந்த விலைக்கு வாங்க வேண்டியதில்லை. மின்சாரமும் வேலை செய்கிறது என்றால், எவ்வளவு, யாருக்கு என்று அறியும் உரிமை வாங்குகிறவருக்கு உண்டு. அந்த உரிமையைக் காப்பது ஒப்பீடு மட்டுமே.

மின்திருக்கை உண்மையிலேயே சிலருக்கு உதவியிருக்கலாம். ஓர் உணர்வு இன்னொரு வலியை மட்டுப்படுத்தும் என்பதற்கு 1965இல் மெல்சாக்கும் வாலும் முன்வைத்த ‘வாயில்’ கோட்பாடு முதல் பல விளக்கங்கள் இன்று இருக்கின்றன. கையில் மாட்டும் கருவி அந்த வகை நியாயத்தில்தான் இயங்குகிறது. ஆனால் நடந்திருக்கலாம் என்பதற்கும் நடந்தது என்பதற்கும் இடையிலான தூரத்தைக் கடக்க ரோமாபுரிக்கு வழியில்லை, நமக்கு இருக்கிறது. ஆகவே ஒரு கருவி சந்தைக்கு வரும்போது அதன் பாட்டனார் மீன் என்ற பெருமை எதையும் கூட்டாது. எந்தப் போலியோடு ஒப்பிட்டார்கள், நோயாளிகள் ஊகித்தார்களா, சோதித்தது விட்டுவிட்டு வரும் தலைவலியையா நாட்பட்டதையா, போலியைக் கழித்து மிஞ்சியது எத்தனை நாள் நிம்மதி என்பவை கேட்க வேண்டிய கேள்விகள். இவற்றுக்குப் பதில் சொல்லும் கருவியை, பலன் அளவானதே ஆனாலும், மருத்துவரிடம் கலந்து வாங்கலாம். பதில் சொல்லாமல் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையைக் காட்டும் கருவிக்கு ஐந்து கினிக் கோலுக்கு மேல் மதிப்பில்லை.